மூன்றாவது நகல்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை; போன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். குழந்தை தும்மினால் பதினாறு படம். அப்புறம் அதைத் திரும்பிப் பார்ப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. மகள் விட்டுப்போன மெமரி கார்டில் அப்படி ஆயிரத்துச் சொச்சம் கிடந்தன. ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக் முனகிக்கொண்டே அவளுடைய பழைய அறையைத் திறந்தார். ஈரச்சுவர் வாடை. மூலையில் கம்ப்யூட்டர்.

கார்டைச் செருகி ஒரு தடவை ஏற்றினால் போதும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர் நம்பவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை முறுக்கிப் பார்த்த கை அது. 'ஏற்கெனவே உள்ளன, மறுபடியும் ஏற்றவா' என்று திரை கேட்டபோதெல்லாம் ஆமாம் என்று அமுக்கினார். எல்லாப் படமும் மும்மூன்றாக வந்து விழுந்தது.

"ஒரு கதவுக்கு மூணு பூட்டு போடுற ஆளுப்பா நீங்க," என்று மகள் போனில் சிரித்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழிக்கச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் உட்கார்ந்தார். முதல் படத்தில் அவர் மனைவி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். போன மாதம் மகள் எடுத்தது; அப்போது முற்றத்தில் வேறு யாருமில்லை. மூன்று நகல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

முதலாவதில், கேட்டுக்கு வெளியே ஒருவன் நின்றான்.

இரண்டாவதில், கேட்டுக்கு உள்ளே.

மூன்றாவதில், அவள் நாற்காலிக்குப் பின்னால்.

படத்தைப் பெரிதாக்கினார். நெற்றியிலிருந்து தாடை வரை அந்த முகத்தில் வெள்ளையாக ஒரு கிழிசல். அந்தக் கிழிசலை அவருக்குத் தெரியும்.

அவளுக்கு முதலில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை அவன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் லாரியில் அடிபட்டுச் செத்தான். அவள் பெட்டியில் இருந்த அவன் போட்டோவைக் கிழித்தெறிந்தவர் இவர்தான். செத்தவன்மேல் பொறாமைப்படுகிறவன் பைத்தியக்காரன் என்பார்கள். முப்பத்தெட்டு வருஷமாக அவர் அந்தப் பைத்தியம்தான். அவள் ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாலே ஏதாவது வேலை சொல்லி உள்ளே கூப்பிடுவார். அவள் மனசில் இருப்பது தானா, அவனா? இத்தனை வருஷமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அவளைக் கூப்பிட்டார். ஈரக்கையைத் துடைத்தபடி வந்தவள் திரையை வெகுநேரம் பார்த்தாள். பயப்படவில்லை. அவருக்குப் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

"போட்டோவைக் கிழிச்சா தேடிக்கிட்டு வருவாருன்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா," என்றாள் மெல்ல.

"அப்ப நான் யாருடீ?"

"நீங்க என் வீட்டுக்காரர். சாப்பாடு ஆறுது, வாங்க."

அவள் போனதும் மூன்றையும் அழித்தார். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரையில் படம் ஏற்றும் பட்டை தானாக நகர்ந்தது.

மெதுவாக.

ஒரே ஒரு படம் வந்தது. தேதி இன்று. நேரம் இப்போது. சாப்பாட்டு மேஜையில் அவள் பரிமாறுகிறாள். அவர் நாற்காலியில் வேறொருவன் முதுகு.

உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் காதில் விழாத சிரிப்பு.

அவர் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. ஒயரைப் பிடுங்கினார். மிஷின் கோளாறு, மலிவு விலையில் வாங்கினால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். செத்தவனாவது, சாப்பிடுவதாவது.

சமையலறை ஜன்னல் வழியாக இரண்டு குரல்கள் தாழ்ந்து பேசிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பேச்சாக இருக்கும் என்று, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.