ஃப்ரிட்ஜ் மாதிரி நின்ற கோ-கார்ட்

அன்று காலை ஏழு மணிக்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. வழக்கமாக எட்டு மணிக்குத்தான் வரும்.

காரணம் மாமா. அம்மாவின் தம்பி. கடைகளிலிருந்து ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஏற்றிக்கொண்டுபோய் வீடுகளில் இறக்குவது அவர் வேலை. அதற்கென்று ஒரு நீலப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். அதன் பின்பக்கத்தில்தான் என் கோ-கார்ட்டை ஏற்றிக்கொண்டு பந்தயத் திடலுக்குப் போக வேண்டும்.

கோ-கார்ட்டுக்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது. தரையை உரசிவிடுமோ என்று பயப்படும் அளவுக்குத் தாழ்ந்த குட்டிப் பந்தய வண்டி அது. மூன்று வருடம் அண்ணன் ஓட்டினான். இப்போது அவன் கால்கள் நீண்டுவிட்டன. உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. அதனால் வண்டி எனக்கு வந்தது.

அன்று என் முதல் பந்தயம். ஒன்பது மணிக்குள் வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். ஒன்பது அடித்தால் வாசல் கதவை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அழுதாலும் திறக்க மாட்டார்கள். போன மாதம் ஒரு பையன் அழுது பார்த்தான்.

மூன்று பேரும் சேர்ந்து கோ-கார்ட்டைத் தூக்கினோம். அது பிக்கப்புக்குள் சரியாகப் படுக்கவில்லை. பிக்கப்பின் சக்கரங்களுக்கு மேலே, உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் தகரம் மேடாகப் புடைத்திருக்கும். அந்த இரண்டு மேடுகளுக்கும் நடுவே என் வண்டி நுழையவில்லை. ஒரு பக்கச் சக்கரங்கள் மேட்டின் மேல் ஏறிக்கொண்டன. வண்டி ஒருக்களித்துப் படுத்த மாதிரி கோணலாக நின்றது.

"இவ்வளவுதானே? நிமித்தி வச்சுடலாம்," என்றார் மாமா.

நிமிர்த்தி என்றால், மூக்கு வானத்தைப் பார்க்க, பின்பக்கம் கீழே ஊன்றி நிற்க. ஃப்ரிட்ஜை எப்போதும் அப்படி நிற்கவைத்துத்தான் கொண்டுபோவார்கள்.

நான் வேண்டாம் என்றேன். பந்தய வண்டி படுத்தபடிதான் வர வேண்டும் என்றேன். அடியில் எதையாவது கொடுத்து உயர்த்திப் பார்க்கலாம் என்றேன். யார் காதிலும் ஏறவில்லை. மாமா கயிற்றை உதறிக்கொண்டிருந்தார். அண்ணன் ஃபோனில் மணி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருபது வருஷத்துல என் வண்டியிலேருந்து ஒரு சாமான் கீழ விழுந்ததில்ல, மிளகாய்," என்றார் மாமா.

கோபம் வந்தால் என் காது சிவந்துவிடும். அதனால் அவர் வைத்த பெயர் அது. அதைக் கேட்டால் காது இன்னும் சிவக்கும். அதுவும் அவருக்குத் தெரியும்.

"விழாது மாமா. ஆனா இது ஃப்ரிட்ஜ் இல்ல."

"சக்கரம் வச்ச ஃப்ரிட்ஜுன்னு நெனச்சுக்கோயேன்."

அண்ணன் சிரித்தான். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"உங்களுக்கு ஃப்ரிட்ஜைத் தவிர வேற ஒண்ணுமே தெரியாது," என்றேன்.

மாமாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. கயிற்றை இழுத்துக் கட்டினார். ஸ்டீயரிங்கைச் சுற்றி, இருக்கையைச் சுற்றி, மறுபடி ஸ்டீயரிங்கைச் சுற்றி. வண்டி, தூணில் கட்டிவைத்த திருடன் மாதிரி விறைப்பாக நின்றது.

முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். மாமா சாலையை முறைத்தார். நான் ஜன்னலை முறைத்தேன். நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன், இரண்டு பக்கமும் அனல் அடிப்பதாகச் சொல்லிக் கண்ணாடியை இறக்கச் சொன்னான். நான் இறக்கவில்லை. கோபமாக இருக்கும்போது யாருக்கும் காற்று விடுவது எனக்குப் பிடிக்காது.

பாலத்தைத் தாண்டியதும் பெட்ரோல் வாடை வந்தது.

சொன்னேன். முன்னால் போகிற லாரியிலிருந்து வருகிறது என்றார் மாமா. லாரி வலதுபக்கம் திரும்பிப் போய்விட்டது. வாடை போகவில்லை. மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அடுத்த நிமிடம் சாலையோரப் பஞ்சர் கடை ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்தினார்.

நாங்கள் இறங்குவதற்குள் கடைக்கார அக்கா வெளியே வந்துவிட்டார். அவர் என்னைவிடக் கோபக்காரர்.

"வண்டிய அந்தப் பக்கம் தள்ளுங்க மொதல்ல. உள்ள டியூப் ஒட்டுற மெஷின் கொதிச்சிட்டு இருக்கு. எல்லாரும் சேர்ந்து மேல போகணுமா?"

இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளினோம். அக்கா திட்டிக்கொண்டே நான்கு வீடு தூரம் கூட வந்தார்.

பின்கதவைத் திறந்தார் மாமா. தகரத்தில் பெட்ரோல் ஓடியிருந்தது. கோ-கார்ட்டில் டேங்க், ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே இருக்கும். அதன் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. வண்டி நிமிர்ந்து நின்றதால் டேங்க்கும் சாய்ந்து, அந்தத் துளை வழியாகச் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வண்டியை ஏற்றும்போது டேங்க் காலியாக இருக்க வேண்டும். திடலில் பயிற்சியாளர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். ஆனால் அன்று காலை எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன்னால் நான் போய் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தேன். திடலில் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டாமே என்று. இது மாமாவுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா ஒரு வாளி மணலை வீசி, தகரத்தைத் துடைக்கச் சொன்னார். மாமா துடைத்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பாப்பா சொன்னது சரிதான். எனக்கு ஃப்ரிட்ஜைத் தவிர ஒண்ணும் தெரியாது. தப்பு என்னோடது. இறக்கி ஓரமா வச்சுட்டு வீட்டுக்குப் போன் பண்ணலாம். வேற யாராவது விஷயம் தெரிஞ்சவங்க வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

மணி எட்டு பத்து. வேறு யார் வருவார்கள்? அண்ணன் என்னைப் பார்த்தான். மாமாவின் மேல் இருந்த கோபம் முழுவதும் இப்போது என் மேலேயே திரும்பிவிட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. மாமாவிடமிருந்தாவது மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளலாம்.

"மாமா," என்றேன். "டேங்க்க ரொப்பினது நானு. காலியாத்தான் ஏத்தணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சே ரொப்பினேன்."

மாமா துடைப்பதை நிறுத்தினார்.

"எவ்வளவு ரொப்பின?"

"வழியிற வரைக்கும்."

"அப்ப பாதித் தப்பு உன்னோடது."

"பாதிக்குக் கொஞ்சம் கம்மி."

"ஏன் கம்மி?"

"படுக்க வைக்கலாம்னு நான் சொன்னேன். அதையும் கழிக்கணும்."

கடைக்கார அக்காதான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு, எங்கள் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதட்டினார். மாமா வீட்டுக்குப் போன் செய்வதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

நான் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் பழைய கார் டயர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. ஒரு டயரின் தடிமனையும் பிக்கப்பின் உள்ளே இருந்த மேட்டின் உயரத்தையும் கண்ணாலேயே அளந்தேன். ஒரு டயர் போதாது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் மேட்டைத் தாண்டிவிடும். அப்படி முன்பக்கம் வலமும் இடமுமாக இரண்டு அடுக்கு, பின்பக்கம் இரண்டு அடுக்கு. கோ-கார்ட்டின் வயிறு அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். சக்கரங்கள் மேடுகளுக்கு மேலே சும்மா தொங்கும்.

அக்காவிடம் எட்டு டயர் கேட்டேன். இதை ஒழுங்காகப் படுக்க வைக்கத்தான் என்றேன். சாயங்காலம் திருப்பித் தராவிட்டால் பந்தயத் திடலுக்கே வந்து எல்லார் முன்னாலும் திட்டுவேன் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். வருவார் என்றே தோன்றியது.

டேங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோலை அக்காவின் கேனில் வடித்தோம். வண்டியைத் தூக்கி டயர்களின் மேல் வைத்தோம். நேராகப் படுத்தது. கையால் அழுத்தினால் ஸ்பிரிங் மாதிரி லேசாக ஆடி அடங்கியது. மாமா இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். மூன்றாவது முறை பிடித்துப்போய் அழுத்தினார்.

பிறகு கயிற்றை எடுத்து, பழக்கத்தில் ஸ்டீயரிங்கின் மேல் போட்டார். என் காது சூடானது. ஸ்டீயரிங்கை இறுக்கினால் அதன் அடியில் இருக்கும் மெல்லிய கம்பி வளைந்துவிடும். அப்புறம் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். கத்தப் போனேன்.

கயிறு பாதியில் நின்றது.

"எங்க கட்டணும்?" என்றார் மாமா. "நீ கைய வச்சுக் காட்டு."

இரும்புச் சட்டத்தில் நான்கு இடங்களைத் தொட்டுக் காட்டினேன். அந்த நான்கில்தான் கட்டினார். நான் பார்த்ததிலேயே அழகான கட்டு அது. ஆனால் அதைச் சொல்லவில்லை. எனக்கு அப்போதும் பாதிக்குக் கொஞ்சம் கம்மியாகக் கோபம் இருந்தது.

வாசலை அடையும்போது மணி எட்டு ஐம்பத்து மூன்று. காவலாளி கதவின் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தார். சோதனை மேசையில் இருந்தவர், வண்டியை இறக்கித் தரையில் வைத்தால்தான் பார்ப்பேன் என்றார்.

நான்கு முடிச்சுகள். ஒவ்வொன்றும் மாமா காலை ஊன்றி இறுக்கியது. அண்ணன் நகத்தால் ஒரு முடிச்சைக் கிளறிப் பார்த்துவிட்டு, நகம் போய்விடும் என்றான்.

"தள்ளி நில்லுங்க," என்றார் மாமா. ஒவ்வொரு முடிச்சிலும் தொங்கிய வாலைப் பிடித்து ஒரு இழுப்பு. நான்கு இழுப்புகளில் கயிறு முழுவதும் அவிழ்ந்து விழுந்தது. ஃப்ரிட்ஜை மாடியில் இறக்கும்போது கனம் தோளில் இருக்கும், முடிச்சோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது என்றார்.

சோதனைக்காரர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினார். குனிந்து கம்பியைப் பார்த்தார். பிரேக்கை அழுத்தினார். டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தலையசைத்தார். பச்சை ஸ்டிக்கரை வண்டியின் மூக்கில் ஒட்டிவிட்டு, ஒரு தாளை அண்ணனிடம் நீட்டினார்.

"ஓட்டப்போறவர் இதுல கையெழுத்துப் போடுங்க தம்பி."

என் இரண்டு காதும் எரிந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே வந்தார். அவர் குரலில் அவ்வளவு கோபத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"அவன் இல்ல சார். ஓட்டுறவங்க இவங்க."

பேனாவை வாங்கினேன். அந்தத் தாளில் கையெழுத்துக்கென்று போட்டிருந்த கோட்டில் என் கையெழுத்து அடங்கவில்லை.