ழகரம் பழகும் குரல்

செவ்வாய்க்கிழமை காலை அவள் கிளினிக்கில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, ஒலிப்பதிவுப் பட்டியலின் அடியில் அவள் பதியாத பதிவு ஒன்று கிடந்தது.

அவள் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தில் நாக்குக் குழறிப்போனவர்களுக்குச் சொற்களைத் திரும்பப் பழக்குகிறவள். மழை, மலை, வாழை, வாளை என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் போனில் பதிவாள். போனில் இருப்பதெல்லாம் தானாகவே கிளினிக் கம்ப்யூட்டரில் ஏறிவிடும், கம்ப்யூட்டரில் சேர்வது போனுக்கும் வந்துவிடும். பார்வை போன கணவருக்கு அன்றாடம் அவள் அனுப்பும் குரல் செய்திகளும் அந்தப் பட்டியலில்தான் இருந்தன. இரண்டையும் இணைக்கும் பாஸ்வேர்டு வெறும் நான்கு எண்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

புதிய பதிவை ஓடவிட்டாள். ஈரத்துணியைப் பிழிவது போன்ற மூச்சு. எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை. பிறகு, ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத ஒரு குரல், வாய்க்குள் எதையோ புரட்டிப் புரட்டி, "மளை" என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும், "மளை".

நோயாளிகளில் யாராவது விளையாடியிருப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் தன் நோயாளிகளின் குரல் ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். இது அதில் எதுவுமில்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "இது பூட்டே இல்லாத கதவு மேடம். யார் வேணும்னாலும் உள்ள இருக்கிறத எடுக்கலாம். வெளியில இருந்து கொண்டுவந்தும் வைக்கலாம்."

என்னிடம் திருட ழகரத்தையும் ளகரத்தையும் தவிர என்ன இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் அன்றே பதினாறு எழுத்தில் புதுப் பாஸ்வேர்டு போட்டாள். தட்டும்போது ஒவ்வோர் எழுத்தையும் முணுமுணுப்பது அவள் வழக்கம்.

புதன்கிழமைப் பதிவில் அந்தக் குரல் அந்தப் பதினாறு எழுத்துகளையும் முணுமுணுத்தது, அவள் தடுமாறிய ஏழாவது எழுத்தில் தானும் தடுமாறி. பிறகு, தெளிவாக, "மழை" என்றது.

அவள் பாஸ்வேர்டை மறுபடி மாற்றினாள், இம்முறை உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த இணைப்பையே துண்டிக்கும்படி பழுதுபார்ப்பவரிடம் சொன்னாள். துண்டித்தார். வியாழக்கிழமையும் பதிவு வந்தது. அதில் பாடச் சொற்கள் இல்லை, கணவருக்கு அவள் அன்றாடம் அனுப்பும் கேள்விதான் இருந்தது. "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டது. மறுபடி கேட்டது. இன்னும் கொஞ்சம் இளக்கி, இன்னும் கொஞ்சம் செல்லமாக, பத்துப் பன்னிரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தது.

கணவரிடம் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் நாளெல்லாம் தனியாக இருக்கும் மனிதர் வீணாகப் பயப்படுவார். இரவுச் சாப்பாட்டின்போது அவராகவே, ரெண்டு நாளா நீ பேசறப்ப ஏதோ தொண்டை அடைச்ச மாதிரி இருக்கு, வெந்நீர் குடி என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது அவளுடைய குரலேதான். ழகரத்துக்கு முன்னால் எச்சில் விழுங்கும் அந்தச் சிறு தயக்கம் உட்பட. தானே பதிந்து மறந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. கேட்கக் கேட்கத் தன் தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டியல் காலியாக இருந்தது. வந்த பதிவுகளும் இல்லை, அவள் பதிந்தவையும் இல்லை. ஒன்றுமே இல்லை. தொல்லை விட்டது என்று ஒரு கணம் உடம்பு லேசானது.

பிறகுதான் உறைத்தது. பழகி முடித்தவர்கள் வகுப்புக்கு வருவதில்லை.

வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பையைக்கூட எடுக்காமல், சாவியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினாள். மழை. வண்டி கிடைக்கவில்லை. மூன்று தெரு. நனைந்து, மூச்சிரைத்து, படியேறி, சாவி போட்டாள். கதவு நான்கு விரல் அகலம் திறந்து நின்றது. உள்சங்கிலி மாட்டியிருந்தது. அவர் ஒருநாளும் அதை மாட்டியதில்லை.

உள்ளே இருட்டு, இடுக்கு வழியே விழும் படிக்கட்டு விளக்கின் கீற்று மட்டும். தனியாக இருக்கும்போது அவருக்கு விளக்கு தேவையில்லை. ஈர வாடை. தடவித் தடவி வரும் அவர் காலடி.

"யாரு?"

"நான்தாங்க." தொண்டை கட்டி, பாதிதான் வெளியே வந்தது.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. "உங்களுக்கு யாரு வேணும்?" என்றார் அவர், மரியாதையாக.

சமையலறைப் பக்கமிருந்து அவளுடைய குரல் வந்தது, அவசரமில்லாமல். "யாருங்க அது?"

"தெரியலம்மா." அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். "உன்ன மாதிரியே பேசப் பாக்குறாங்க. சரியா வரல."

அவர் தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. விரல்கள் நீளம். நுனியில் தண்ணீர் சொட்டியது. அவர் அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு, மற்றொரு கையால் கதவைச் சாத்தினார்.