அப்பாவின் முதுகுக்குப் பின்னால்

“வெண்டைக்காய்தானே கேட்டேன்? இதென்ன?”

“சுண்டைக்காய். அப்படித்தானே சொன்ன?” என்றார் அப்பா.

அம்மா முனீஸ்வரி தலையில் கை வைத்தார். “எது சொன்னாலும் மறந்துர்றீங்க. என்னதாங்க ஆச்சு உங்களுக்கு?”

தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

“எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் மறதி ஆரம்பிச்சுச்சு. கடைசில பெத்த பிள்ளை பேரே தெரியலை” என்றார் அப்பா மெதுவாக.

அதன் பிறகு அவர் டீக்கடைக்கே போவதில்லை. நண்பர்கள் அழைத்தால், “வேலை கெடக்கு மாப்ள” என்று ஒதுங்கிவிடுவார்.

தாமரைக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. பொங்கலன்று அவனியாபுரம் வாடிவாசலில் எந்த மாடு யாரைத் தூக்கியது என்பதுகூட அப்பாவுக்கு நினைவிருக்கிறது. வெண்டைக்காய் மட்டும் எப்படி மறக்கும்?

சோதித்துப் பார்க்க முடிவு செய்தாள்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். “அப்பா, இன்னைக்குப் பரோட்டா வாங்கலாமா?”

பதில் இல்லை.

எதிரே வந்து, அதே குரலில் கேட்டாள்.

“சனிக்கிழமை வாங்குவோம்டா” என்றார் அப்பா.

மறுபடியும் பின்னால் போனாள். “அப்பா, மீசையில சோறு ஒட்டியிருக்கு!”

அப்பாவின் கை மீசைப் பக்கமே போகவில்லை.

தாமரை அடுப்படிக்கு ஓடினாள். “அம்மா! அப்பா எதையும் மறக்கலை. அவருக்குக் காதுல விழவே இல்லை!”

காது டாக்டர் அப்பாவைச் சோதித்துவிட்டுத் தலையாட்டினார். “பாப்பா சொன்னது சரிதான். எதிர்ல நின்னா உதட்டசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறீங்க. என்ன வேலை பார்க்கிறீங்க?”

“டிங்கர் பட்டறைங்க. நாள் முழுக்கத் தகரத்தை அடிக்கிற வேலை.”

“அந்தச் சத்தம்தான் காதைக் கெடுத்திருக்கு. இனிமே காதுக்குக் கவசம் போட்டுத்தான் சுத்தியலைத் தொடணும்.”

“அப்ப மறதி நோய் இல்லையா டாக்டர்?” என்று கேட்டாள் தாமரை.

“இல்லை. ஆனா காது கேக்காம அப்படியே விட்டா, மனுஷங்க பேச்சையே குறைச்சுக்குவாங்க. மூளைக்கும் வேலை குறைஞ்சிரும். வயசான காலத்துல மறதி நோய் வர்ற வாய்ப்பு கூடும். காது மெஷின் மாட்டிக்கிட்டா நல்லாக் கேக்கும். பீடி குடிச்சா அதை விட்டுரணும். தினமும் நடக்கணும். சர்க்கரையையும் பிரஷரையும் பார்த்துக்கணும். முக்கியமா, நாலு பேரோட உக்காந்து பேசணும்.”

“டீக்கடையில பேசுறதுகூட நல்லதுங்களா?” அப்பாவின் முகம் மலர்ந்தது.

“ரொம்ப நல்லது!”

காது மெஷின் மாட்டிய அன்று அப்பா அண்ணாந்து பார்த்தார். “நம்ம வீட்டு ஃபேன் இம்புட்டுச் சத்தம் போடுமா?”

மாலையில் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.

அம்மா அடுப்படியில் முணுமுணுத்தார். “அங்க போனா இந்த மனுஷனுக்கு வீட்டு நெனப்பே வராது.”

வாசலிலிருந்து குரல் வந்தது. “எட்டு மணிக்கெல்லாம் வந்துருவேன் முனீஸ்வரி!”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

அப்பா தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, அம்மா தாமரையின் காதருகே குனிந்தார்.

“இனிமே மனசுக்குள்ளதான் திட்டணும் போல!”