ஆறு சிலிண்டரும் ஓர் இடைவெளியும்

மூன்றாவது வண்டியிலும் அந்தச் சத்தம் இருந்தது.

திறந்திருந்த பானெட்டுக்கு முன்னால் அவள் கண்களை மூடிக்கொண்டு நின்றாள். காலை ஏழு மணி. விற்பவரின் வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஈரச் சிமெண்டும் பழைய டயரும் கலந்த வாசனை. ஆறு சிலிண்டரும் ஒன்றின் கையிலிருந்து இன்னொன்று வாங்கிக்கொள்வதுபோல, எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டத்துக்கு அடியில், துணியில் சுற்றி வைத்த ஏதோ ஒன்று தட்டுவதுபோல், இன்னொன்று. இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. ஒரு தட்டு.

"என்னம்மா, இதுலயுமா?" டிரைவர் சீட்டிலிருந்து மகள் தலையை நீட்டினாள்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

போன மாதம் பார்த்தது கருநீல வண்டி, பதினோரு வருடப் பழசு. அதற்கடுத்தது வெள்ளி நிறம், வேறு கம்பெனி, வேறு இஞ்சின். மூன்று வண்டிக்கும் ஒரே கோளாறு எப்படி வரும் என்று யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் அது என்ன சத்தம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேன் எடுக்கிறவள். ஜன்னல் இல்லாத அறையில், நெஞ்சில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்து, திரையைப் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடுவாள். ஒவ்வொரு இதயத்துக்கும் ஒரு நடை உண்டு. இந்த நடை அவள் கணவருடையது.

அவர் தொலைதூர பஸ் ஓட்டியவர். வருஷத்துக்கு ஒரு முறை உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும். கடைசி வருஷம் மற்றவர்களோடு வரிசையில் நிற்காமல் அவள் அறைக்கே வந்து படுத்துக்கொண்டார். ஜெல் சில்லென்றிருக்கிறது என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இதயத்தின் சுவர் தடித்திருந்தது. இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி, ஒரு துடிப்பு.

திரையின் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். வேலை போய்விடும், ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, வீட்டில் அவளைச் சீண்டும் அதே குரலில் சொன்னார்.

"டாக்டரம்மா, ஒண்ணும் இல்லன்னு எழுதிடுங்க."

அவள் எழுதினாள். குவியலாய்க் கிடந்த அறிக்கைகளில் அதுவும் ஒன்று. பெரிய டாக்டர் அவள் கையெழுத்தை நம்பித் தன் கையெழுத்தைப் போட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் கணவர் பஸ்ஸைச் சாலையோரம் ஒதுக்கி, இஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்துகொண்டார். டிரைவர் தூங்குகிறார் என்று பயணிகள் கொஞ்ச நேரம் பொறுமையாகக் காத்திருந்தார்களாம்.

பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பெரிய டாக்டர் சொன்னார்: "இது ரத்தத்துல வர்றது. பொண்ணுக்கு ஒரு தடவை பார்த்துடுங்க." தலையாட்டினாள். மகளை அந்த ஸ்கேன் கட்டிலில் படுக்க வைத்தால் அப்பாவின் பழைய அறிக்கையையும் எடுத்து ஒப்பிடுவார்கள். அதில் அவள் கையெழுத்து இருக்கும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வைத்தாள். அப்படி இருபத்திரண்டு மாதங்கள் போயின.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளுங்க." கணவரோடு டிப்போவில் வேலை பார்த்த மெக்கானிக் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தார். அதன் முனையை இஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, ஒவ்வோர் இடமாக நகர்த்திக் கேட்பார். டிப்போவில் அவருக்கு 'காது' என்றே பெயர். "சுத்தமா இருக்கு. பாலாட்டம் ஓடுது. உங்களுக்கு மட்டும் எப்படித்தான் கேக்குதோ!"

"அங்கிள், அப்பா சொன்னதெல்லாம் பார்த்தாச்சா?" மகள் மடியிலிருந்த நோட்டைப் புரட்டினாள்.

நோட்டு கணவருடையது. எந்தக் காலத்திலும் வாங்க முடியாத வண்டிக்காக இருபது வருடம் எழுதி வைத்தது. 'நாலு சிலிண்டர் வேலைக்குப் போகும், ஆறு சிலிண்டர் பாடிக்கிட்டே போகும்' என்று முதல் பக்கத்தில். பிறகு வரிசையாக: காலையில் போ, பானெட் மேல் உள்ளங்கையை வை, சூடாக இருந்தால் முன்பே ஓட்டிக் கோளாறை மறைத்திருக்கிறான், திரும்பி வா. ஆயில் மூடியைத் திறந்து பார், உள்ளே வெளுத்த நுரை இருந்தால் பேசாதே. கிலோமீட்டரைப் பார்க்காதே, சர்வீஸ் செய்த ரசீதைப் பார். நாலு டயரும் நாலு கம்பெனி என்றால் சொந்தக்காரன் கஞ்சன். கையில் இருப்பதையெல்லாம் வண்டிக்கே கொடுத்துவிடாதே, முதல் வருஷ ரிப்பேருக்கு ஒதுக்கு. நிறத்தைப் பார்த்து மயங்காதே.

"எல்லாம் பாஸ்" என்றார் மெக்கானிக். "காசு ஒண்ணுதான் பாக்கி." ஒரு நாணயத்தை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினின் மேல் செங்குத்தாக நிறுத்தினார். அது நின்றது. ஆடவில்லை.

மகள் கைதட்டினாள். அப்பா போன பிறகு அவள் கைதட்டி யாரும் பார்த்ததில்லை. தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்ளும் பெண், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண், இந்த நோட்டைக் கண்டெடுத்த நாளிலிருந்துதான் மறுபடி வாய் திறந்து பேசினாள். முதல் சம்பளமும் அப்பா விட்டுப்போன சேமிப்பும் சேர்ந்தால் ஒரு பழைய வண்டிக்குப் போதும். இதையும் தட்டிக்கழித்தால் அந்த வாய் திரும்ப மூடிக்கொள்ளும்.

"எதுக்கு சார் விக்கறீங்க?" என்றார் மெக்கானிக்.

"ரெட்டைப் பிள்ளை பொறந்துடுச்சுங்க" என்றார் விற்பவர், தோளில் ஒரு குழந்தையைத் தட்டிக்கொண்டே. "பின் சீட்டுல ஒரு பூனைதான் உக்காரலாம். இத வச்சுக்கறியா, என்னை வச்சுக்கறியான்னு வீட்டுல கேட்டுட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் இஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் போனாள். மெக்கானிக் அவள் இடத்தில் உட்கார்ந்து மறுபடி கிளப்பினார். "தங்கச்சி, கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டாள். ஆறு சிலிண்டர் மட்டும். அடியில் எதுவும் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. பிரமை. இவ்வளவு நாளும் பிரமைதான்.

மகள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள், மெக்கானிக் இறங்கிக்கொண்டார், அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு.

"இப்பச் சொல்லும்மா. சத்தம் கேக்குதா?"

கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகம். அவருடைய நெற்றி, அவருடைய ஆசை. அவள் கண்களை மூடவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "நல்ல வண்டி."

மாலையில் வண்டி வீட்டுக்கு வந்தது. மகள்தான் ஓட்டி வந்தாள். பக்கத்து சீட்டில் அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணக்கூடாது என்று நினைத்தாலும் பதினெட்டு வருடப் பழக்கம். மேட்டில் ஏறும்போது இஞ்சின் பாடியது, மகள் சேர்ந்து ஏதோ முணுமுணுத்தாள். அடியில் அந்தத் தட்டு மேட்டுக்குத் தகுந்தாற்போல் கொஞ்சம் வேகமெடுத்தது.

வண்டியை நிறுத்தியதும், "ஒரேடியா அசந்துட்டேம்மா, கொஞ்ச நேரம் படுக்கறேன்" என்று மகள் உள்ளே போனாள். படியில் ஒரு கணம் நின்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

பானெட்டைத் திறந்தாள். சூடான ஆயில் வாசனை முகத்தில் அடித்தது. சூடு தணியும் இரும்பு டிக் டிக்கென்று சுருங்கும் ஒலி, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் ஒலி, தூரத்துச் சாலையின் இரைச்சல். மெக்கானிக் வண்டியிலேயே விட்டுச்சென்ற நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து முனையை இஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் அழுத்தினாள். ஒன்றுமில்லை. அடுத்த இடம். ஒன்றுமில்லை. ஆறு இடத்திலும் ஒன்றுமில்லை.

ஆனால் தட்டு கேட்டது.

இஞ்சின் அணைந்திருந்தது. சாவி அவள் கையில். தட்டு கேட்டது.

பின்னாலிருந்து. வீட்டுக்குள்ளிருந்து.

ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனாள். வெளியே பொழுது முழுவதும் இறங்கவில்லை, என்றாலும் கூடத்தில் மேசை நாற்காலிகளின் விளிம்புகள் கரைந்துவிட்டிருந்தன. விளக்குப் பொத்தானைத் தேடவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நடந்தாள், இளஞ்சூடான பானெட்டைத் தொடுவதுபோல. சுவர் அதிர்ந்தது. மிக மெல்ல. இரண்டு. இடைவெளி. ஒன்று.

மகளின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே ஒரு வாசனை. சில்லென்ற, மணமே இல்லாத வாசனை. அவள் கைகளில் பதினெட்டு வருடமாக ஒட்டியிருக்கும் ஜெல்லின் வாசனை.

மகள் மல்லாந்து தூங்கினாள். நோட்டு நெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நோட்டு எழும்பியது.

எழும்பியது. எழும்பியது.

நின்றது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

எழும்பியது.

இடைவெளி நீண்டிருந்தது. அவரைக் கட்டிலில் படுக்க வைத்த நாளில் இருந்ததைவிட நீளம்.

எழுப்ப வேண்டும். கூப்பிட வேண்டும். இப்போதே அந்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு. அந்தக் கட்டிலுக்கு. அந்த அறிக்கைக்கு. வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

எழும்பியது. எழும்பியது.

நின்றது.

தூங்குகிற முகம் அசையவில்லை. உதடுகள் அசையவில்லை. ஆனால் அந்த உதடுகளுக்குள்ளிருந்து, சீண்டும் அந்தப் பழைய குரல், ஆண் குரல், சிரிப்போடு வந்தது.

"டாக்டரம்மா."

நோட்டு எழும்பவில்லை.

"ஒண்ணும் இல்லன்னு எழுதிடுங்க."

ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருந்த கையை அவள் குனிந்து பார்த்தாள். விரல்கள் அதைப் பேனாவைப்போல் பிடித்திருந்தன. முனை சுவரில் பதிந்து, சுண்ணாம்பைக் கீறிக்கொண்டு, முதல் எழுத்தை எப்போதோ தாண்டியிருந்தது.