ஏழு பத்துக்கு வந்த ரயில்

போன் அலறியது.

ஜம்பு உடனே எடுக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தால் போனுக்காகக் காத்திருந்தது மாதிரி இருக்கும். ஏழாவது மணிக்கு எடுத்தால் பிரயாணக் களைப்பில் தூங்கினது மாதிரி இருக்கும்.

ஏழாவது மணிக்கு எடுத்தார்.

"ஜம்பு சாரா? இன்ஸ்பெக்டர் பரமசிவம் பேசறேன். உங்க அண்டர் செக்ரட்டரி வெங்கடேஸ்வரனை இன்னைக்குக் காலைல யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்க. கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வரீங்களா?"

ஜம்பு தேவையான அளவு அதிர்ந்தார். தேவையான அளவு மூக்கை உறிஞ்சினார். உடனே வருவதாகச் சொல்லி போனை வைத்தார்.

கொன்றது அவர்தான்.

காரணம்... சி.ஆர்.! மேலதிகாரி வருஷத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து எழுதும் ரகசியக் குறிப்பு. இந்த மார்ச்சில் தன்னைப் பற்றி 'பொறுப்புக்குத் தகுதியற்றவர்' என்று வெங்கடேஸ்வரன் எழுதப் போவதாக ஜம்புவின் காதுக்குச் சேதி வந்தது. எழுதினால் பிரமோஷன் போச்சு. பதினோரு வருஷம் காத்திருந்த பிரமோஷன். எழுதும் கையே இல்லாவிட்டால்?

1998-ல் டெல்லியில் மனிதர்கள் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் செத்திருக்கிறார்கள்.

திட்டத்தை அவர் ஒரு ஃபைல் மாதிரியே தயாரித்தார். லீவு போட்டுச் சென்னை போனார். திரும்பும் ரயில், அச்சடித்த டைம்டேபிள்படி, டெல்லிக்குள் நுழைந்ததும் வரும் நிஜாமுதீனுக்குக் காலை ஆறு பதினைந்து. கடைசி ஸ்டேஷனுக்கு ஏழு பத்து.

நடுவில் ஐம்பத்தைந்து நிமிஷம்!

நிஜாமுதீனில் இறங்கினார். ஆட்டோ பிடித்தார். லக்ஷ்மிபாய் நகரில் வெங்கடேஸ்வரன் தனியாக இருந்தார். குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. பெட்டியையும் பார்சலையும் வாசலோரம் வைத்துவிட்டு மணியடித்தார். ஒரே அடி. இரும்புக் கம்பி சாக்கடைக்குப் போனது. வேறொரு ஆட்டோ. ஏழு மணிக்கெல்லாம் கடைசி ஸ்டேஷன் மேம்பாலத்தில் இருந்தார்.

நிஜாமுதீனுக்கும் கடைசி ஸ்டேஷனுக்கும் நடுவில் இருப்பது ஏழு கிலோமீட்டர். அதற்கு ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் ஐம்பத்தைந்து நிமிஷமா எடுத்துக்கொள்ளும் என்று உங்களுக்கும் எனக்கும் சந்தேகம் வரும். ஜம்புவுக்கு வரவில்லை. அவர் ஆபீஸில் ஒரு ஃபைல் பக்கத்து மேஜைக்குப் போகவே நாலு நாள் ஆகும். அவர் கண்ணுக்கு அந்த ரயில் பறந்தது.

கீழே பிளாட்பாரத்தில் சென்னை வண்டி நின்றிருந்தது. கூட்டமோ கூட்டம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், சென்னை வண்டி சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருப்பதாக இந்தியில் சொன்னது. இப்போதுதான் வந்து நின்றிருக்கிறது என்று ஜம்பு சந்தோஷமாகப் படியிறங்கினார்.

சாட்சியையும் அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

சென்னையிலிருந்து யார் டெல்லிக்குத் திரும்பினாலும் நாலு வீட்டுப் பார்சலைச் சுமந்துதான் ஆக வேண்டும். மாட்டேன் என்றால் காலனியில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மோதி பாக் காலனி மீனாக்ஷிக்கு அவள் அக்கா கொடுத்த வடகமும் காபிப் பொடியும் இருந்தன. ஏழு பத்துக்குப் பிளாட்பாரத்திலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லி சென்னையில் ரயில் ஏறும் முன்பே கோச் நம்பரோடு அவளுக்குப் போனில் சொல்லியிருந்தார்.

மீனாக்ஷி நின்றிருந்தாள். பார்சலை வாங்கினாள். தாங்க்ஸ் சொன்னாள்.

ஏழு பத்து!

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனில் பரமசிவம் டீ வரவழைத்தார். அவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா ராணுவத்தில் இருந்தவர். யாரும் கேட்காமலே ஜம்பு டிக்கெட்டை எடுத்து வைத்தார். ஆட்டோ ரசீதையும் எடுத்து வைத்தார். ஏழு இருபத்தைந்து என்று நேரம் போட்ட, வீட்டுக்குப் போன பிரீபெய்ட் ஆட்டோவின் ரசீது.

"நான் இறங்கறப்போ அனௌன்ஸ்மென்ட்கூடக் கேட்டுது சார். ரைட் டைம்னு."

"போன்ல வண்டி, பார்சல் ரெண்டையும் சொன்னீங்களே. விசாரிச்சேன். ஸ்டேஷன் ரிஜிஸ்தர்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு. ரைட் டைம்." பரமசிவம் தலையாட்டினார். "கொலை ஆறே முக்காலுக்குள்ள நடந்திருக்கு. மீனாக்ஷி மேடமும் ஏழு பத்துக்குப் பார்சல் வாங்கினதா எழுதிக் குடுத்துட்டாங்க."

ஜம்பு டீயை ரசித்துக் குடித்தார். கழுத்து இத்தனை லேசாக இருந்ததே இல்லை.

"அச்சா... ஒரே ஒரு சந்தேகம்." பரமசிவம் உள் அறைப் பக்கம் திரும்பினார். "மேடம், கொஞ்சம் வாங்க."

மீனாக்ஷி வந்தாள். உட்காரவில்லை.

"நீங்க எத்தனை மணிக்கு ஸ்டேஷன் போனீங்க?"

"ஆறரைக்கு."

"ஏழு பத்து வண்டிக்கா?"

"அது என்னிக்கு சார் ஏழு பத்துக்கு வந்துச்சு? இருபது வருஷமா ஊர்ப் பார்சல் வாங்கறேன். நிஜாமுதீனுக்கு டைமுக்கு வந்துட்டா, இங்க ஆறு முப்பத்தஞ்சுக்கு வந்து நின்னுடும். கடையில நமக்கு விக்கிற டைம்டேபிள் புக்குல ஒரு டைம். டிரைவர் கையில இருக்கற புக்குல வேற டைம். ஸ்டேஷன்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

ஜம்பு டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

பரமசிவம் நிதானமாக விளக்கினார். வழியில் தாமதமானாலும் கடைசியில் மானம் போகாமல் இருக்க, நமக்கு விற்கும் புத்தகத்தில் அரை மணி கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். அரை மணி தாமதமாக வந்தாலும் ரைட் டைம். அரை மணி முன்னாலேயே வந்துவிட்டாலும் ரிஜிஸ்தரில் ரைட் டைம்தான். மைக்கில் பேசுகிறவர் வண்டியைப் பார்ப்பதில்லை, புத்தகத்தைப் பார்க்கிறார்.

"இறங்கறப்போ அனௌன்ஸ்மென்ட் கேட்டேன்னு சொன்னீங்க. அந்த வண்டியில வந்தவங்கள்ல பாதிப் பேர் அப்போ வீட்ல பல் தேச்சிட்டிருந்தாங்க சார்."

"நான்... டாய்லெட்ல இருந்தேன். வயிறு சரியில்ல."

"இல்ல." மீனாக்ஷி சொன்னாள். "ஆறு முப்பத்தஞ்சுக்கே உங்க கோச்சுல ஏறிட்டேன். நாலு டாய்லெட்டையும் தட்டிப் பார்த்தேன். வடகத்தை மறந்துட்டு இறங்கிட்டீங்களோன்னு பயம். உங்க எதிர் பெர்த்துக்காரர் மூட்டை கட்டிட்டிருந்தார். நீங்க நிஜாமுதீன்லயே இறங்கிட்டதா சொன்னார்."

"அப்புறமும் ஏன்மா அங்கயே நின்னே?" ஜம்புவின் குரல் கிட்டத்தட்ட அழுதது.

"நீங்கதானே ஏழு பத்துன்னு சொன்னீங்க. நிஜாமுதீன்ல இறங்கினவர், பாவம், நம்ம பார்சலுக்காக இவ்வளவு தூரம் வந்தாரேன்னு மனசு நெகிழ்ந்துபோச்சு. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் சார் சொன்ன பிறகுதான் விஷயம் புரிஞ்சுது. அந்த மூட்டையைக் கையில வெச்சுக்கிட்டா ஒரு மனுஷனைக் கொன்னீங்க? அந்த வடகத்தை என் குழந்தைங்க மத்தியானமே சாப்பிட்டாச்சு..." அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தான்.

ஜம்புவுக்கு உயிர் போகும் பயம். அதைவிடப் பெரிய கோபம். அரசாங்கம் அச்சடித்தது, அரசாங்க ஊழியரையே ஏமாற்றலாமா?

"அச்சுல ஏழு பத்துன்னு போட்டிருக்கு சார். அச்சுல போட்டதை நம்பினது என் தப்பா?"

"எழுதிப் போடுங்க. பதில் வரும். உங்களுக்குத்தான் இனிமே நிறைய டைம் இருக்கே."

"வேன் எத்தனை மணிக்கு?" ஜம்பு பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

பரமசிவம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"திகார் வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது ஜம்பு சார்... நீங்க ஏறினதும் கிளம்பிடும்!"