இடுப்புப் பையில் ஒரு பலூன்!

"ஐயோ... குண்டு!"

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

அலறியவன் முத்திருளன். தொழில், பிக்பாக்கெட். அனுபவம் நிறைய. மூளை கம்மி.

உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறப்போன மலையம்மாளின் இடுப்புப் பையின் பட்டையைப் பிளேடு போட்டு அறுத்திருந்தான். ஓடத் திரும்பினால்...

பை வர மறுத்தது!

பையிலிருந்து ஒரு மெல்லிய டியூப். அது மலையம்மாளின் ஜாக்கெட்டுக்குள் போய் மறைந்தது. பதறிப்போய் ஜிப்பைத் திறந்தான். உள்ளே ஒரு பாட்டில். பாட்டிலுக்குள் உப்பிய பலூன்!

"இழுக்காதடா! இழுத்தே... தொலைஞ்சோம்!"

மலையம்மாளின் இடது கை டியூப்பில். வலது கை அவன் காதில்.

"வெ... வெடிச்சிருமா ஆத்தா?"

மலையம்மாள் சந்தையில் ஆடு விற்கிறவள். எந்த ஆட்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியும்.

"வெடிக்கும்! விட்டாலும் போச்சு. ஆடாம அசையாமப் புடி. காளவாசல் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவக் கூப்புடு!"

"ஆஸ்பத்திரிக்கா?"

"அங்கதான இத மாட்டிவிட்டாக!"

"ஆஸ்பத்திரிலயா ஆத்தா குண்டு கட்டுறாய்ங்க?"

ஆட்டோவில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முத்திருளன் கண்ணை மூடிப் பாண்டி முனி சாமியைக் கூப்பிட்டான். பையை மட்டும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சுஃபியா, மலையம்மாளின் தோளுக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் குனிந்து பார்த்தாள்.

"ஊசி அசையல. மருந்து ஒழுகல. தப்பிச்சீங்கம்மா!"

"மருந்தா?" முத்திருளன் வாயைப் பிளந்தான்.

"பலூனுக்குள்ள இருக்கது கீமோ மருந்து. கேன்சருக்கு. தோலுக்கு அடியில போர்ட்னு ஒரு சின்ன டப்பா வச்சிருக்கோம். அது வழியா பெரிய ரத்தக் குழாய்க்கு ரெண்டு நாள் சொட்டுச் சொட்டாப் போகும். ஊசி புடுங்கியிருந்தா அம்புட்டும் ஒழுகி, தோல் வெந்திருக்கும்!"

முத்திருளனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நிஜமாகவே.

"மன்னிச்சிரு ஆத்தா..."

தடதடவென பூட்ஸ் சத்தம்! அலறலை விசாரித்துக்கொண்டே வந்து சேர்ந்திருந்தார் ஏட்டு வெள்ளைத்துரை.

"குண்டுன்னு கத்துனவன் இவன்தானே? யாரும்மா இவன்?"

முத்திருளனின் உயிர் இப்போது மலையம்மாளின் வாயில்!

அவள் அவனைப் பார்த்தாள். இன்னமும் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

"என் தம்பி மகன்ங்கய்யா. பயந்தாங்கொள்ளிப் பய. துணைக்கு வந்தான்."

ஏட்டு முறைத்தார். "பையக் குடுத்துட்டு ஓடிப் போயிரு!"

தப்பித்தான்!

வாசலைத் தாண்ட ஒரு காலைத் தூக்கிவிட்டான். பின்னால், மலையம்மாளின் கீமோ அட்டையில் தவணைகளை எண்ணிக்கொண்டிருந்த சுஃபியாவின் குரல் கேட்டது.

"கவலைப்படாதீங்கம்மா. இதோட எட்டு சைக்கிள் போயிருச்சு!"

இப்போதுதான் முத்திருளன் வெடித்தான்.

"எட்டா? அநியாயம் சார்! நான் தூக்குனது மூணே மூணு சைக்கிள்தான்!"