ஒன்றில் நிற்காத மோட்டர்

“ரீச்சர், கிணத்தைக் கெடுத்தவன் எண்டு என்ரை மனுசனை ஊரே தள்ளி வைச்சிருக்கு. மூண்டு நாளாக் கத்திறன், ஒருத்தரும் கேக்கினமில்லை,” என்ற யோகம்மா, காட்டிய கதிரையில் உட்காரவே இல்லை.

ஜசிந்தா ஊர்காவற்றுறையில் கணிதம் படிப்பிப்பவர்; சிக்கல்களை அவிழ்ப்பதில் பேர் எடுத்தவர். உடன் படிப்பிக்கும் பாலசிங்கம் அதற்குள் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார்.

மண்கும்பானில் யோகம்மாவின் குறிச்சிக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். பதினாறு வருடமாக அங்கே மோட்டர் போட்டு இறைத்தவர் யோகம்மாவின் கணவர் ஏரம்பு. 1984இல், லண்டனிலிருந்து வந்த பொறியியலாளர் அரியநாயகம் அவரை நிறுத்திவிட்டு, வேலையை ஒரு கொம்பியூட்டரிடம் கொடுத்தார். தினமும் அரை மணி இறைத்துத் தானாக நின்றது. திருவிழாவுக்கென்று ஒரு மணித்தியாலமாக மாற்றிவிட்டு அவர் யாழ்ப்பாணம் போனார். ஐந்து மணித்தியாலம் கழித்து வந்தபோதும் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அளவுக்கு மிஞ்சி இறைத்ததில் தீவுக் கிணற்றில் கடல் உப்பு ஏறிவிட்டது. ஏரம்பு பம்பு அறை யன்னலடியில் நின்றதைக் கண்டவர்கள் இருந்தார்கள். வேலை போன எரிச்சலில் கொம்பியூட்டரில் கையை விட்டுக் கெடுத்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இயந்திரம் சொன்னால் வேதம், மனிதன் சொன்னால் புளுகு!

“ஏன் அங்கை நிண்டனீர்?” என்று பம்பு அறைக்கு வந்ததும் ஜசிந்தா கேட்டார். அரியநாயகமும் அங்கே இருந்தார்.

“எப்பிடி நிப்பாட்டுது எண்டு பாக்கத்தான்,” என்றார் ஏரம்பு. “திரையிலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் கடைசியிலை ஒரு குட்டி ஒண்டு நிண்டது. பிறகு தனி ஒண்டு வந்தது. இனி நிக்கும் எண்டு கோயிலுக்குப் போட்டன்.”

“குட்டி ஒண்டாம்!” என்று அரியநாயகம் சிரித்தார். “பிறகு மூண்டு தரம் சோதிச்சனான். சரியா நிண்டது.”

“எத்தினை மணித்தியாலத்துக்கு வைச்சுச் சோதிச்சனீங்கள்?” என்றார் ஜசிந்தா.

“அரை மணிக்கு. அரையிலை நிண்டால் ஒண்டிலையும் நிக்கும்தானே.”

பாலசிங்கம் துள்ளினார். “ஒண்டைச் சோதிக்கவே இல்லை!”

ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை 0.1 மணித்தியாலம் கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை கேட்ட மணித்தியாலத்துக்குச் சமமானால் நிறுத்த வேண்டும். இதுதான் கொம்பியூட்டருக்கு இட்டிருந்த கட்டளை. ஜசிந்தா மோட்டர் வயரைக் கழற்றச் சொல்லி, ஆறு நிமிடம் காத்திருக்காமல் உடனுக்குடன் கூட்ட வைத்தார். 0.7 வரை ஒழுங்காக வந்தது. பிறகு 0.8000001. அடுத்தது 0.9000001. அதற்கு அடுத்தது 1. நிற்கவில்லை, 1.1க்குப் போய்விட்டது.

“ஒண்டு வந்ததே!” என்று அரியநாயகம் பதறினார்.

“திரையிலைதான் ஒண்டு. உள்ளுக்குள்ளை ஒரு பொட்டுக் கூடுதலா இருக்கு,” என்றார் ஜசிந்தா. “மூண்டில் ஒண்டை நாங்கள் 0.333 எண்டு எழுதி முடிக்க ஏலாது. பூச்சியத்தையும் ஒண்டையும் மட்டும் வைச்சு எழுதிற இதுக்குப் பத்தில் ஒண்டும் அப்பிடித்தான். வெட்டி எழுதுது, வெட்டினதிலை வந்த பிழை சேருது. அஞ்சு தரம் கூட்டேக்கை தற்செயலாச் சரிவந்தது. பத்திலை வரேல்லை. ‘ஒண்டு அல்லது அதுக்கு மேலை எண்டால் நில்’ எண்டு நீங்கள் சொல்லேல்லை. ஏரம்பர் கண்டதைச் சொன்னார், நீங்கள் சிரிச்சீங்கள்.” அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது.

அரியநாயகம் தலையைக் குனிந்தபடி பம்பு அறைச் சாவியை நீட்டினார். யோகம்மா அழுதாள்.

ஏரம்பு வாளியை இறக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். துப்பினார். சாவியை வாங்கவில்லை.

“உந்தச் சாவியை அண்டைக்குத் தந்திருக்கவேணும்,” என்றார். “இனி இந்த உப்பை ஆருக்கு இறைக்க?”